மேரிலாந்தில் நாத்திகர் அரசுப் பதவி வகிக்க முடியுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மண்ணில் மதச் சுதந்திரத்துக்கு முதன்முதலில் சட்டம் போட்ட இடங்களில் ஒன்று மேரிலாந்து என்று படித்திருக்கிறீர்கள். அதே மேரிலாந்தின் அரசியலமைப்பை இணையத்தில் திறந்து பார்த்தால், அரசுப் பதவிக்கு வருகிறவரிடம் கடவுள் உண்டு என்ற அறிவிப்பைக் கேட்கலாம் என்று இன்றைக்கும் எழுதியிருக்கிறது. இரண்டும் எப்படி ஒரே மாநிலத்தில் இருக்க முடியும், நாத்திகர் ஒருவருக்கு அங்கே பதவி கிடைக்குமா கிடைக்காதா என்பது உங்கள் கேள்வி. அரசியலமைப்புச் சட்டத்தைப் பல வருடங்களாகக் கல்லூரியில் நடத்தி வருகிறேன். அமெரிக்க மாநிலங்களின் அரசியலமைப்புகளை ஒப்பிட்டுப் படிப்பதும் அதில் ஒரு பகுதி. ஆனால் மேரிலாந்து நீதிமன்றங்களில் வழக்காடுகிறவன் நான் இல்லை. யாருக்காவது நடைமுறைச் சிக்கல் இருந்தால் உள்ளூர் வக்கீலைப் பார்ப்பதுதான் சரி.

பதவி பற்றிய கேள்விக்குச் சந்தேகமில்லாத பதில் இருக்கிறது: நாத்திகர் பதவி வகிக்கலாம். 1961இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையைச் செல்லாததாக்கிவிட்டது. வாசகம் அச்சில் இருக்கிறது, அதற்கு உயிர் இல்லை. அது ஏன் அங்கே வந்தது, ஏன் இன்னும் போகவில்லை என்பதற்கு முந்நூற்றைம்பது வருடக் கதையைத் தொட்டாக வேண்டும். வேலியை எடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி நட்டுக்கொண்டே போன கதை அது.

1632இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ், பால்டிமோர் பிரபு சிசில் கால்வெர்ட்டுக்கு அந்தப் பகுதியை எழுதிக் கொடுத்தார். கால்வெர்ட் கத்தோலிக்கர். இங்கிலாந்திலோ கத்தோலிக்கர்கள் சட்டப்படி ஒடுக்கப்பட்டிருந்த காலம். குடியேற வந்தவர்களில் புரொட்டஸ்டன்ட்டுகளும் நிறைய. ஆகவே 1633இல் கப்பல் கிளம்பும்போதே கால்வெர்ட் எழுத்தில் அறிவுரை கொடுத்தார்: கத்தோலிக்கர்கள் தங்கள் வழிபாட்டை முடிந்தவரை சத்தமில்லாமல் நடத்த வேண்டும், மதத்தைப் பற்றி வாக்குவாதம் கூடாது. 1649 ஜனவரியில் லண்டனில் மன்னரின் தலை வெட்டப்பட்டது. அதே வருடம் ஏப்ரலில் மேரிலாந்து சட்டசபை நிறைவேற்றியதுதான் நீங்கள் படித்த அந்த மதச் சட்டம்.

அந்தச் சட்டத்தை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. ஏசு கிறிஸ்துவை நம்புகிற எவரையும் அவருடைய மதத்துக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அதில் இருப்பது உண்மை. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் அதே சட்டத்தின் முன்பகுதியில், ஏசு தேவகுமாரன் என்பதையோ திரித்துவத்தையோ மறுத்துப் பேசினால் மரண தண்டனை, சொத்துப் பறிமுதல் என்று இருக்கிறது. எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது இன்னொரு பிரிவு. ஒருவரை இகழ்ச்சியாகப் 'பியூரிட்டன்', 'ஜெசூட்', 'லூதரன்', 'கால்வினிஸ்ட்' என்றெல்லாம் அழைத்தால் பத்து ஷில்லிங் அபராதம். அதில் பாதி, திட்டு வாங்கியவருக்கே போகும். கட்ட முடியாதவருக்குச் சவுக்கடியும் சிறையும். திட்டு வாங்கியவரிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கும் வரை வெளியே வர முடியாது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கிற கிறிஸ்தவர்கள் அடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்ற கவலையிலிருந்து வந்த சட்டம் இது என்பதற்கு அந்தப் பிரிவு ஒன்றே போதும்.

மரண தண்டனைப் பிரிவு வெறும் மிரட்டலாகவும் நிற்கவில்லை. ஜேக்கப் லும்ப்ரோசோ என்ற போர்ச்சுகீசிய யூத வைத்தியர் ஒருவர் அங்கே குடியேறியிருந்தார். ஏசுவின் அற்புதங்களைப் பற்றி ஒரு பேச்சில் அவரைக் கிண்டிக் கேட்க, அவை மாய வித்தையாக இருந்திருக்கலாம் என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டார். 1658இல் தெய்வ நிந்தனை வழக்கில் அவரைப் பிடித்தார்கள். மன்னர் இல்லாத அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் ஆட்சித் தலைவராக ரிச்சர்ட் குரோம்வெல் பதவியேற்றதை ஒட்டி வந்த பொது மன்னிப்பு அவரைக் காப்பாற்றியது. சட்டத்தின் தயவால் அவர் தப்பவில்லை.

அந்தப் பாதுகாப்பும் நிலைக்கவில்லை. 1654இல் பியூரிட்டன்கள் என்ற தீவிர புரொட்டஸ்டன்ட் பிரிவினர் அதிகாரத்தைப் பிடித்துச் சட்டத்தை ரத்து செய்தார்கள். சில வருடங்களில் அது திரும்பி வந்தது. 1689இல் புரொட்டஸ்டன்ட் கிளர்ச்சி பால்டிமோர் பிரபுவின் ஆட்சியையே கவிழ்த்தது. 1692இல் இங்கிலாந்துத் திருச்சபை அரசாங்கத் திருச்சபை ஆனது. அதன் போதகர்களுக்காகத் தலைக்கு நாற்பது பவுண்டு புகையிலை வரியாக வசூலித்தார்கள். கத்தோலிக்கர், குவேக்கர் யாரானாலும் கட்டியாக வேண்டும். 1718இல் கத்தோலிக்கர்களின் ஓட்டுரிமையும் பறிபோனது. கத்தோலிக்கர் ஒருவர் தொடங்கிய குடியேற்றத்தில் கத்தோலிக்கருக்கே ஓட்டு இல்லை. வெறும் சட்டத்தால் கிடைத்ததை இன்னொரு சட்டத்தால் எடுத்துவிடலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லும்போது நான் எப்போதும் காட்டுகிற உதாரணம் இந்த எழுபது வருடங்கள்தான்.

இனி அரசியலமைப்புகள். மேரிலாந்துக்கு இதுவரை நான்கு: 1776, 1851, 1864, 1867. கடைசியாகச் சொன்னதுதான் இன்றும் நடைமுறையில் இருப்பது. 1776இல் முதலாவதை எழுதிய குழுவில் கேரல்டனின் சார்லஸ் கேரல் இருந்தார். பெரும் பணக்காரர், கத்தோலிக்கர், அதுவரை மாகாணத்தில் பதவி வகிக்கவோ ஓட்டுப் போடவோ முடியாமல் இருந்தவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஒரே கத்தோலிக்கரும் அவரே. அந்த அரசியலமைப்போடு வந்த உரிமைப் பிரகடனத்தின் 33ஆம் பிரிவு, கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றுகிற எல்லாருக்கும் மத விஷயத்தில் சமமான பாதுகாப்பு உண்டு என்றது. கத்தோலிக்கர்கள் உள்ளே வந்தார்கள். குவேக்கர், மெனோனைட், டங்கர் போன்று சத்தியம் செய்வதையே பாவமாக நினைத்த பிரிவினருக்கு, சத்தியத்துக்குப் பதிலாக உறுதிமொழி சொல்லும் வசதியும் கிடைத்தது.

ஆனால் அதே 33ஆம் பிரிவு, கிறிஸ்தவ மதத்தின் ஆதரவுக்காகப் பொதுவான வரி போடச் சட்டமன்றத்துக்கு அதிகாரமும் கொடுத்தது. ஒருவர் தன் வரிப்பணம் எந்தச் சபைக்குப் போக வேண்டும் என்று சொல்லலாம், ஏழைகளுக்குப் போகட்டும் என்றும் சொல்லலாம். கட்டாமல் இருக்கும் வழி மட்டும் இல்லை. 1780களில் அப்படியொரு வரியைக் கொண்டுவரப் பார்த்தபோது எதிர்ப்பு பலமாகி முயற்சி தோற்றது. 1810இல் அந்த அதிகாரத்தையே திருத்தத்தின் மூலம் எடுத்துவிட்டார்கள். பதவி விஷயம் மட்டும் அப்படியே நின்றது. 35ஆம் பிரிவின்படி, பதவிக்கு வருகிறவர் கிறிஸ்தவ மதத்தில் தனக்கு நம்பிக்கை உண்டு என்று அறிவிக்க வேண்டும்.

இதில் நேரடியாக அடிபட்டவர்கள் பால்டிமோரின் யூதர்கள். 1797இல் சாலமன் எட்டிங் முதலியோர் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள், பலன் இல்லை. 1787இல் எழுதப்பட்ட அமெரிக்கக் கூட்டாட்சி அரசியலமைப்பு, மத்திய அரசின் எந்தப் பதவிக்கும் மதச் சோதனை வைக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தவில்லை. இதன் விளைவைப் பாருங்கள். 1801இல் ஜனாதிபதி ஜெஃபர்சன், சாலமனின் சகோதரர் ரூபன் எட்டிங்கை மேரிலாந்துக்கான மத்திய அரசின் மார்ஷலாக நியமித்தார். அதே மனிதருக்கு அதே ஊரில் மாநில அரசின் மிகச் சிறிய பதவிகூடக் கிடைக்காது.

இந்தப் பிரிவை மாற்றப் போராடியவர் யூதர் அல்ல. தாமஸ் கென்னடி, ஸ்காட்லாந்தில் பிறந்து வாஷிங்டன் கவுண்ட்டியிலிருந்து சட்டமன்றத்துக்கு வந்த கிறிஸ்தவர். தன் தொகுதியில் ஒரு யூதரும் இல்லை, தனக்கு யூதர் யாருடனும் பழக்கமும் இல்லை என்பதை அவையிலேயே சொன்னார். 1818 முதல் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1822இல் அது நிறைவேறியது. ஆனால் 1776 அரசியலமைப்பின்படி ஒரு திருத்தத்தை ஒரு சட்டமன்றம் நிறைவேற்றினால் போதாது. மக்களுக்கு வெளியிட்டு, அடுத்த தேர்தல் நடந்து, புதிதாக வந்த சட்டமன்றமும் உறுதிப்படுத்த வேண்டும். அந்தத் தேர்தலில், 1823இல், கென்னடியை எதிர்த்துப் பெஞ்சமின் காலவே என்பவர் 'கிறிஸ்தவ வேட்பாளர்' என்ற அடையாளத்தோடு நின்று ஜெயித்தார். திருத்தமும் விழுந்தது. கென்னடி மறுபடியும் தேர்வாகி வந்து மறுபடியும் கொண்டுவந்தார். 1825இல் நிறைவேறி 1826 ஜனவரியில் உறுதியானது. அதே வருடம் சாலமன் எட்டிங்கும் இன்னொரு யூதரான ஜேக்கப் கோஹனும் பால்டிமோர் மாநகர மன்றத்துக்குத் தேர்வானார்கள். மனு கொடுத்த வருடத்திலிருந்து கணக்குப் பார்த்தால் 29 வருடம். கென்னடியைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் எழுதுவதே இல்லை. தனக்கு எந்த லாபமும் இல்லாத விஷயத்துக்காகப் பதவியை இழந்துவிட்டுத் திரும்பி வந்த மனிதர் அவர்.

சரி, அந்தச் சட்டம் என்ன செய்தது? மதச் சோதனையை நீக்கவில்லை. யூதர்களுக்கு மட்டும் ஒரு மாற்று வாசகம் கொடுத்தது. மறுமையில் நன்மைக்குப் பரிசும் தீமைக்குத் தண்டனையும் உண்டு என்று தான் நம்புவதாக யூதர் அறிவிக்கலாம். யூதரும் கிறிஸ்தவரும் அல்லாத ஒருவருக்கு அதிலும் இடமில்லை. 1851இல் எழுதிய இரண்டாவது அரசியலமைப்பு இந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. உள்நாட்டுப் போரின் நடுவே, அடிமை முறையை ஒழித்த 1864 அரசியலமைப்பில் 'யூதர்' என்ற சொல் போய்விட்டது. கிறிஸ்தவ மதத்தில் நம்பிக்கை, இல்லையேல் கடவுளிலும் மறுமைப் பலனிலும் நம்பிக்கை என்று பொதுவாக்கினார்கள். மூன்றே வருடத்தில் வந்த 1867 அரசியலமைப்பு, இன்னும் சுருக்கி, பதவிக்குக் கடவுள் உண்டு என்ற அறிவிப்பைத் தவிர வேறு மதச் சோதனை கூடாது என்றது. நீங்கள் பார்த்த 37ஆம் பிரிவு இதுதான். எழுதியவர்கள் அதைத் தாராளமான வாசகமாகத்தான் நினைத்திருப்பார்கள், ஏனென்றால் அதற்கு முன்னால் இருந்தவை எல்லாமே அதைவிடக் குறுகியவை.

இந்த வாசகங்களை மட்டும் வரிசையாகப் படித்தால் நிம்மதியான ஒரு முன்னேற்றக் கதை கிடைக்கும். அதை நான் முழுதாக ஏற்க மாட்டேன். 1831இல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்த பிறகு, மேரிலாந்து சட்டமன்றம் கறுப்பின மக்கள் வெள்ளையர் மேற்பார்வை இல்லாமல் வழிபாட்டுக்குக் கூடுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. யூதர்களுக்குக் கதவு திறந்து சுமார் ஆறு வருடமே ஆகியிருந்தது. வழிபாட்டுச் சுதந்திரம் பற்றி அரசியலமைப்பில் எழுதியிருந்தது அந்த மக்களுக்கு ஒரு பாதுகாப்பும் தரவில்லை.

மதச் சுதந்திரத்துக்கு உறுதி தரும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் 1791லேயே வந்துவிட்டதே, அது ஏன் இவர்களைக் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். அதற்கான பதிலும் மேரிலாந்திலிருந்து வந்த வழக்கில்தான் இருக்கிறது. பால்டிமோர் நகராட்சியின் சாலை வேலைகளால் தன் படகுத்துறையில் மண் சேர்ந்து கப்பல் நிற்க முடியாமல் போனது என்று ஜான் பாரன் என்பவர் வழக்குப் போட்டார். 1833இல் உச்ச நீதிமன்றம், கூட்டாட்சியின் உரிமைப் பட்டியல் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த பதினான்காவது திருத்தத்தின் வழியாக, 1940இல் ஒரு வழக்கிலும் 1947இல் இன்னொன்றிலும், மதச் சுதந்திரத்தின் இரண்டு பகுதிகளும் (விரும்பிய மதத்தைப் பின்பற்றும் உரிமை, அரசு ஒரு மதத்தை நிறுவக் கூடாது என்ற தடை) மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகே நிலைமை மாறியது.

அப்புறம் வந்தவர் ராய் டொர்காசோ. கட்டுமான நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். ஆவணங்களில் சான்றொப்பம் போட ஆள் தேவைப்பட்டதால் நோட்டரி பப்ளிக் ஆகும்படி முதலாளி கேட்டார். ஆளுநர் நியமனமும் கொடுத்துவிட்டார். மாண்ட்கமரி கவுண்ட்டி நீதிமன்ற அலுவலகத்தில் போய் நின்றபோது, கடவுள் உண்டு என்று அறிவிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம், யாரும் அவரைப் பதவிக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லையே என்ற போக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1961 ஜூனில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் டொர்காசோ பக்கம் நின்றார்கள். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், பதவிக்கு வரக் கட்டாயமில்லை என்பது ஒருவரை வெளியே நிறுத்துவதற்குச் சாக்காக முடியாது என்றார். மாநிலமும் மத்திய அரசும் யாரையும் ஒரு மத நம்பிக்கையை அறிவிக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இதில் மாணவர்கள் அடிக்கடி குழம்புகிற இடம் ஒன்று உண்டு. தீர்ப்பு நிற்பது முதல் திருத்தத்தின் மேல். மதச் சோதனையைத் தடுக்கிற 1787 வாசகம் மாநிலப் பதவிகளுக்கும் பொருந்துமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை.

பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் 36ஆம் பிரிவும் இருந்தது. சாட்சிகளும் ஜூரிகளும் (குற்றம் சுமத்தவும் தீர்ப்புச் சொல்லவும் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள்) கடவுளை நம்ப வேண்டும், இம்மையிலோ மறுமையிலோ தம் செயலுக்குப் பலன் உண்டு என்று நம்ப வேண்டும் என்றது அது. ஷௌகுரோவ் என்ற பௌத்தர் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டார். பௌத்தத்தில் படைப்புக் கடவுள் நம்பிக்கை இல்லை, ஆகவே தன் சமயத்தைச் சேர்ந்த ஒருவர் ஜூரியில் இருக்கவே வழியில்லை என்று வாதாடினார். 1965இல் மேரிலாந்து உயர்ந்த நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. கடவுள் நம்பிக்கை கேட்டுத் தேர்ந்தெடுத்த ஜூரிகள் கொடுத்த குற்றச்சாட்டும் தண்டனையும் செல்லாது. மேல்முறையீடு முடிந்துபோன பழைய வழக்குகளைத் தொடவில்லை. முடியாமல் நின்றவற்றில் கைதிகள் விரும்பினால் புதிய குற்றச்சாட்டும் புதிய விசாரணையும் கேட்கலாம்.

பென்ட்டன் என்ற கைதி அப்படிக் கேட்டவர்களில் ஒருவர். முதல் விசாரணையில் கன்னமிட்டுப் புகுந்த குற்றத்தில் தண்டனை, திருட்டுக் குற்றத்தில் விடுதலை பெற்றிருந்தார். மறு விசாரணையில் அரசுத் தரப்பு இரண்டையும் திரும்பச் சுமத்தியது, இரண்டிலும் தண்டனை கிடைத்தது, காலமும் கூடியது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று 1969இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான். ஜூரிகளிடம் கடவுள் நம்பிக்கை கேட்ட 1867 வாசகத்தின் பின்விளைவு இவ்வளவு தூரம் போனது.

எது உறுதி, எது விவாதத்துக்குரியது என்று பிரித்துச் சொல்கிறேன். மேலே உள்ள சட்ட வாசகங்களும் தீர்ப்புகளும் பதிவில் இருப்பவை. கால்வெர்ட்டின் நோக்கம் கொள்கையா, குடியேற்றத்தில் போட்ட பணத்தைக் காப்பாற்றுகிற கணக்கா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போவதில்லை. இரண்டும் கலந்திருந்தன என்பது என் எண்ணம், 1633 அறிவுரையைப் படித்தால் அப்படித்தான் தோன்றுகிறது. இன்னொன்று, மேரிலாந்து தானாகவே விரிந்துகொண்டு வந்ததா, வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால் விரிந்ததா என்பது. 1810, 1826 திருத்தங்கள் மாநிலத்துக்குள்ளேயே நடந்த அரசியல். கடவுள் நம்பிக்கை நிபந்தனையை மாநிலம் தானாக எடுக்கவில்லை, வாஷிங்டனில் இருக்கிற உச்ச நீதிமன்றம் அறுத்தது. என் பார்வையில் வித்தியாசம் இதுதான்: முதல் வகைத் திருத்தங்களில் உரிமை ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கப்பட்டது, 1961இல்தான் மனசாட்சி உள்ள எந்த மனிதருக்கும் உரியதாக ஆனது.

கடைசியாக, செத்த வாசகம் ஏன் இன்னும் அங்கே இருக்கிறது. நீதிமன்றம் ஒரு பிரிவைச் செல்லாது என்று அறிவிக்கும், புத்தகத்திலிருந்து அழிக்காது. அழிக்க வேண்டுமென்றால் மேரிலாந்தில் இரண்டு அவைகளிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவும் அதன் பிறகு மக்கள் வாக்கெடுப்பில் பெரும்பான்மையும் வேண்டும். கடவுள் பெயரை அரசியலமைப்பிலிருந்து எடுக்கலாம் என்று ஓட்டுக் கேட்டுப் போக எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இருக்காது. 1970இல் 36ஆம் பிரிவைத் திருத்தியபோதுகூட, அரசு நிகழ்ச்சிகளிலும் ஆவணங்களிலும் கடவுளைக் குறிப்பிடுவதை இந்தப் பிரிவு தடுக்காது, கட்டாயமாக்கவும் செய்யாது என்று சேர்த்தார்களே தவிர பழைய நிபந்தனையைத் தொடவில்லை. மேரிலாந்து மட்டும் அல்ல, டெக்சஸ், ஆர்க்கன்சா, மிசிசிப்பி, டென்னசி, வட கரோலினா, தென் கரோலினா அரசியலமைப்புகளிலும் இப்படிப்பட்ட வாசகங்கள் இருக்கின்றன. முழு அரசியலமைப்பையும் புதிதாக எழுத 1967இல் ஒரு மாநாடு கூட்டினார்கள், அதன் வரைவை 1968 மே மாதம் வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். இப்படியொரு மாநாடு வேண்டுமா என்று இருபது வருடத்துக்கு ஒருமுறை மக்களைக் கேட்க வேண்டும் என்பது 1867 அரசியலமைப்பிலேயே இருக்கும் விதி. அந்தக் கேள்வி அடுத்து வாக்குச்சீட்டில் வருவது 2030இல்.